அலையை ஆற்றும் காடு



காரைக்கால் பகுதியில் கிளிஞ்சல்மேடு என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது. கிளிஞ்சலும் மேடும் சேர்ந்த பெயர். அலை கொண்டுவந்து போட்ட கிளிஞ்சல், காற்றும் அலையும் சேர்த்துக் குவித்த மணல் மேடு, இரண்டுமே கடலின் கைவேலை. கடல் ஒரு கையால் கொண்டுவந்து சேர்க்கிறது. மற்றொரு கையால் எடுத்துக்கொண்டு போகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் அது இரண்டாவது கையை நீட்டியது. கிளிஞ்சல்மேடு உட்பட நம் டெல்டாக் கடற்கரையின் ஊர்கள் பல அன்று பெரும் அழிவைக் கண்டன.

அந்த நாளுக்குப் பிறகு நம் பகுதியில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "பிச்சாவரத்தில் காடு இருந்தது, ஊர் பிழைத்தது என்கிறார்களே, நம் ஊரிலும் அந்தக் காட்டை வளர்த்துவிட்டால் என்ன?" இது நல்ல கேள்வி. ஆனால் இதற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. பிச்சாவரத்துக் காட்டை மீட்டெடுக்க உதவிய ஓர் அறக்கட்டளையின் கதையையும், அந்தக் கதைக்குள் ஒளிந்திருக்கும் இயற்பியலையும் தெரிந்துகொண்டால் விடை தானாகவே தெளிவாகும்.

அலையாத்திக் காடு எங்கே வளரும்?

கிளிஞ்சல்மேட்டிலிருந்து வடக்கே ஏறக்குறைய 55 கிலோமீட்டரில், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே பிச்சாவரம் இருக்கிறது. தென்மேற்கே ஏறக்குறைய 70 கிலோமீட்டரில் முத்துப்பேட்டைக் காயல் இருக்கிறது. இரண்டு இடங்களிலும் உள்ளவை அலையாத்திக் காடுகள். அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்று விளக்கம் சொல்வார்கள். பொருத்தமான பெயர்தான்!

பிச்சாவரத்தில் சிறு தீவுகளுக்கு இடையே வாய்க்கால்கள் பின்னிக் கிடக்கின்றன. இருபுறமும் சுரபுன்னை மரங்கள் தம் முட்டுவேர்களை நீரில் ஊன்றி நிற்கின்றன. உட்புறத்தில் வெண்கண்டல் மரங்கள். அவற்றைச் சுற்றிச் சேற்றிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சுவேர்கள் பென்சில் நட்டுவைத்தாற்போல மேல்நோக்கி நிற்கும். அருகிலுள்ள சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் குடும்பத்துக் காடுகளைச் சேர்ந்ததே. 1975இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தில் இந்த வாய்க்கால்களைப் பார்த்தவர்கள், இப்படியும் ஓர் இடம் தமிழ்நாட்டில் உண்டா என்று வியந்தார்கள்.

இந்த மரங்களுக்கு மூன்று தேவைகள் உண்டு. முதலாவது, சேறு படிகிற அமைதியான நீர். இரண்டாவது, நாள்தோறும் வந்து போகிற கடல் ஏற்றவற்றம். மூன்றாவது, ஆண்டில் சில மாதங்களாவது ஆற்றிலிருந்து வரும் நன்னீர். மூன்றும் சேர்ந்து கிடைப்பது ஆற்று முகத்துவாரங்களிலும் காயல்களிலும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

காட்டை அழித்தது யார்?

1980களில் பிச்சாவரத்தின் நடுப்பகுதிகள் பல மரமின்றி வெறும் உப்புத் தரையாகக் கிடந்தன. யாரைக் கேட்டாலும் காரணம் தயாராக இருந்தது. சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் விறகு வெட்டுகிறார்கள், மாடு மேய்க்கிறார்கள், காடு அழிகிறது என்றார்கள். ஏழை மீது பழி போடுவது எளிது அல்லவா?

1988இல் சென்னையில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி அறக்கட்டளை தொடங்கப்பட்டது. இதை நிறுவியவர் கும்பகோணத்தில் பிறந்த வேளாண் அறிவியலறிஞர் எம்.எஸ். சுவாமிநாதன் (1925–2023). உலக உணவுப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்ட 1987ஆம் ஆண்டில் அதைப் பெற்றவர் அவரே. அந்தப் பரிசுத் தொகையைக் கொண்டு அவர் இந்த அறக்கட்டளையை உருவாக்கினார். 1990களில் இதன் ஆய்வாளர்கள் பிச்சாவரத்தின் வெற்றுத் தரையை ஆராய்ந்தார்கள். பழிச்சொல்லை அப்படியே ஏற்காமல் மண்ணையும் நீரையும் அளந்து பார்த்தார்கள்.

அவர்கள் கண்ட காரணம் வேறு. ஆங்கிலேயர் காலத்தில் தொடங்கி, விடுதலைக்குப் பின்னும் சில காலம் வரை, இந்தக் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியையும் முழுவதுமாக மொட்டையடித்து விறகுக்காக வெட்டும் முறை இருந்தது. வெட்டிய இடத்தில் காடு தானே முளைத்துவிடும் என்று நினைத்தார்கள். முளைக்கவில்லை. ஏன் முளைக்கவில்லை என்பதுதான் நமக்கு வேண்டிய பாடம்.

ஒரு தாம்பாளத்தின் கதை

சேற்று மண்ணில் நீர் நிறைய இருக்கும். மரங்களின் நிழல் இருக்கும்வரை அந்த நீர் மண்ணிலேயே தங்கும். நிழலை எடுத்துவிட்டால் வெயில் நேரே தரையில் விழுகிறது, நீர் ஆவியாகிறது, நனைந்த பஞ்சு காய்ந்து சுருங்குவதுபோல மண் சுருங்கித் தாழ்கிறது. சுற்றிலும் மரம் உள்ள இடம் மேடாக நிற்க, வெட்டிய இடம் மட்டும் தாம்பாளம்போல் குழிந்துவிடுகிறது.

இனி கடல்நீர் என்ன செய்யும்? நம் கடற்கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வேறுபாடு ஒரு மீட்டருக்கும் குறைவு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் அதிகமாகும்போது நீர் விளிம்பைத் தாண்டித் தாம்பாளத்துக்குள் நுழைகிறது. வற்றம் வரும்போது வெளியேற வழி இல்லை. அங்கேயே தேங்கி வெயிலில் காய்கிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். கடல்நீரில் ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. குழியில் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்கு நீர் தேங்கியதாகவும், நாளொன்றுக்கு 5 மில்லிமீட்டர் ஆவியாவதாகவும் கொள்வோம். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு அங்கேயே தங்கும். 20 நாளில் 10 சென்டிமீட்டர் நீர் போய்விடும். மீதியுள்ள நீரில் லிட்டருக்கு 70 கிராம் உப்பு. 30 நாளில் மீதி 5 சென்டிமீட்டர். அதில் லிட்டருக்கு 140 கிராம்! அடுத்த பெரிய ஏற்றம் இன்னும் கொஞ்சம் உப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். வரவு உண்டு, செலவு இல்லை. ஆண்டுக்கணக்கில் இப்படி நடந்தால் அது காடாக இருக்குமா, உப்பளமாக இருக்குமா?

உப்பு அதிகமானால் செடி ஏன் சாகிறது? சவ்வூடு பரவலைப் படித்திருப்பீர்கள். வேருக்கு வெளியே உப்பு கூடுதலாக இருந்தால் நீர் வேருக்குள் செல்லாது. உள்ளிருக்கும் நீரும் வெளியேறப் பார்க்கும். சாதாரணக் கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் ஏறக்குறைய 25 வளிமண்டல அழுத்தத்துக்குச் சமம். அதை எதிர்த்து நீரை உறிஞ்சும் ஆற்றலைக் கண்டல் மரங்கள் பெற்றிருக்கின்றன. சுரபுன்னை பெரும்பாலான உப்பை வேரிலேயே தடுத்துவிடுகிறது. வெண்கண்டல் உள்ளே வந்த உப்பை இலை வழியே வெளியேற்றுகிறது. ஆனால் உப்பு இரண்டு மடங்கானால் எதிர்க்க வேண்டிய அழுத்தமும் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். வளர்ந்த மரமே தடுமாறும் இடத்தில் இளங்கன்று என்ன செய்யும்?

ஆகவே, அந்தத் தரையில் எத்தனை கன்று நட்டாலும் பயனில்லை. நோய் கன்றில் இல்லை, நீரோட்டத்தில் இருந்தது.

மீன்முள் வாய்க்கால்

நோயைக் கண்டுபிடித்தால் மருந்து எளிது. தேங்கிய நீருக்குப் போக வழியும், புதிய நீருக்கு வர வழியும் வேண்டும். முதலில் சிறிய அளவில் சோதித்துப் பார்த்த பிறகு, 1996 முதல் தமிழ்நாடு வனத்துறையுடனும் ஊர் மக்களுடனும் சேர்ந்து, இந்திய-கனடா சுற்றுச்சூழல் நிதியமைப்பின் பொருளுதவியோடு அறக்கட்டளை இந்தப் பணியைப் பெரிய அளவில் செய்தது.

மீனைச் சாப்பிட்டபின் இலையில் மிஞ்சும் முள்ளை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் தண்டு, இருபுறமும் சாய்வாகக் கிளை முட்கள். வெற்றுத் தரையில் வெட்டிய வாய்க்கால்களும் இதே வடிவம்தான். இயற்கையாக ஓடும் ஓடையிலிருந்து ஒரு பெரிய வாய்க்கால். அதிலிருந்து இருபுறமும் சாய்கோணத்தில் சிறு வாய்க்கால்கள். ஏற்றத்தில் கடல்நீர் இவற்றின் வழியே உள்ளே பரவுகிறது. வற்றத்தில் மண்ணின் உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியேறுகிறது. மழைக்காலத்தில் நன்னீர் வந்து மேலும் கழுவுகிறது.

சாய்கோணம் எதற்கு? செங்கோணமாகத் திரும்ப நேர்ந்தால் நீர் மூலையில் சுழல்கிறது, வேகம் குறைகிறது, சுமந்து வந்த வண்டல் அங்கேயே படிந்து வாயை அடைக்கிறது. சாய்வாக இணைந்தால் நீர் வழுக்கிக்கொண்டு செல்லும். ஒரு மீட்டருக்கும் குறைவான உயர வேறுபாடுதான் இந்த நீரை ஓட்டும் ஒரே எந்திரம். அதில் சிறிதும் வீணாக்கக் கூடாது.

மண்ணின் உப்பு குறைந்தபின் வாய்க்கால் கரைகளில் வெண்கண்டல், சுரபுன்னைக் கன்றுகளை நட்டார்கள். பலன் என்ன? 1980களின் பிற்பகுதியில் எடுத்த செயற்கைக்கோள் படத்தையும் 2002இல் எடுத்ததையும் ஒப்பிட்ட ஆய்வு, பிச்சாவரத்தில் காடு மூடிய பரப்பு ஏறக்குறைய 90 சதவீதம் கூடியிருப்பதைக் காட்டியது.

அறக்கட்டளை செய்த மற்றொரு வேலை

அறக்கட்டளை என்றால் அன்னதானம், பள்ளிக்கூடம், மருத்துவமனை என்றுதான் நமக்கு முதலில் நினைவு வரும். நிலக்காட்சியைக் காப்பதும் அறம்தான் என்ற எண்ணம் இங்கிலாந்தில் 1895இல் தேசிய அறக்கட்டளை என்ற அமைப்பாக உருவெடுத்தது. அழகும் பழமையும் உள்ள நிலங்களை மக்கள் நன்கொடையால் வாங்கியும், கொடையாகப் பெற்றும் அது பாதுகாக்கிறது. 1965இல் கடற்கரைகளை வாங்குவதற்கென்றே தனியாக ஓர் இயக்கத்தைத் தொடங்கியது.

பிச்சாவரத்தில் அந்த வழி செல்லாது. அது அரசின் காப்புக்காடு. விலைக்கு வாங்க முடியாது. மேலும், அந்த நீரில் இறால் தடவியும் மீன் பிடித்தும் வாழும் மக்கள் அங்கே இருக்கிறார்கள். வேலி போட்டு அவர்களை வெளியே நிறுத்தினால் யாருக்காகக் காடு?

ஆகவே இங்கே அறக்கட்டளை நிலத்துக்குச் சொந்தக்காரராகவில்லை. நடுவில் நிற்கும் நண்பராயிற்று. அளந்து கண்ட அறிவை வனத்துறைக்குக் கொடுத்தது. ஊர்தோறும் அலையாத்தி மன்றங்கள் அமையத் துணை நின்றது. ஒரு வீட்டுக்கு ஓர் ஆண், ஒரு பெண் என இருவரும் மன்றத்தில் உறுப்பினர். வாய்க்கால் வெட்டியதும் கன்று நட்டதும் அந்த ஊர் மக்களே. குற்றவாளிகள் என்று பேசப்பட்டவர்கள் காவலர்கள் ஆனார்கள்!

இதில் ஒரு தொல்லையும் உண்டு. வாய்க்காலில் வண்டல் படிந்துகொண்டே இருக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தூர் வாராவிட்டால் பழைய தாம்பாளம் திரும்பிவிடும். திட்டத்துக்கு முடிவு நாள் உண்டு, வண்டலுக்கு இல்லை. ஊர் மன்றம் உயிரோடு இருக்க வேண்டியதன் காரணம் இதுதான். 2022இல் பிச்சாவரம் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ராம்சர் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலில் பெயர் ஏறினாலும் மண்வெட்டியின் வேலை தீர்ந்துவிடவில்லை.

காடு அலையை எப்படித் தடுக்கிறது?

இப்போது இயற்பியலுக்கு வருவோம். 10 சென்டிமீட்டர் பருமனுள்ள ஓர் அடிமரம் ஒரு மீட்டர் ஆழ நீரில் நிற்கிறது. நீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் மோதுகிறது. மரத்தின் மீது ஏற்படும் இழுவிசை தோராயமாக,

விசை = ½ × நீரின் அடர்த்தி × மோதும் பரப்பு × வேகத்தின் வர்க்கம்
= ½ × 1025 × 0.1 × 4 = 205 நியூட்டன்.

இது ஏறக்குறைய 21 கிலோகிராம் எடைக்குச் சமம். நியூட்டனின் மூன்றாம் விதிப்படி மரமும் நீரை அதே விசையால் எதிர்த்துத் தள்ளுகிறது. ஒரு மரம் தள்ளினால் பெரிதில்லை. ஆயிரக்கணக்கான அடிமரங்களும் முட்டுவேர்களும் சேர்ந்து தள்ளினால்? நீரின் வேகம் குறைகிறது. வேகம் பாதியானால் அது மோதும் விசை கால் பங்காகிவிடும்.

வியட்நாமில் ஆற்றுக் கழிமுகம் ஒன்றில் ஆய்வு செய்து 1997இல் வெளியிட்ட முடிவு இது: 1.5 கிலோமீட்டர் அகலமுள்ள, ஆறு வயதுக் கண்டல் காட்டைக் கடந்தால் 1 மீட்டர் உயர அலை கரையில் 0.05 மீட்டராகிவிடும். காடு இல்லாவிட்டால் 0.75 மீட்டராக வந்து சேரும்.

ஆனால் சுனாமி சாதாரண அலை அன்று. ஆழத்தோடு ஒப்பிட அலைநீளம் மிகப் பெரிதாக இருக்கும்போது,

வேகம் = √(புவியீர்ப்பு முடுக்கம் × ஆழம்).

4000 மீட்டர் ஆழக் கடலில் இது விநாடிக்கு 198 மீட்டர், அதாவது மணிக்கு 713 கிலோமீட்டர். ஆகாய விமான வேகம்! சுமத்ராவுக்கு அருகே நம் நேரப்படி காலை 6.29க்குப் பூமி அதிர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்தில் அலை நம் கரைக்கு வந்துவிட்டது. கரையை நெருங்கி ஆழம் 10 மீட்டராகும்போது வேகம் மணிக்கு 36 கிலோமீட்டராகக் குறைகிறது. முன்னால் போகும் நீர் தயங்க, பின்னால் வரும் நீர் வேகமாக வந்து ஏற, அலை உயர்கிறது.

காற்றால் எழும் அலை பத்து விநாடிபோல ஒருமுறை வந்து திரும்பிவிடும். சுனாமியோ பல நிமிடங்கள் தொடர்ந்து உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகையால் புயல் அலையை ஆற்றும் அளவுக்குச் சுனாமியையும் காடு ஆற்றும் என்று சொல்லிவிட முடியாது.

அறிஞர்களின் வழக்கு

2005இல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஓர் ஆய்வு, கடலூர் மாவட்டக் கடற்கரையைச் சுட்டிக்காட்டியது. கரையோரத்தில் இருந்த இரண்டு ஊர்கள் முற்றிலும் அழிந்தன. கண்டல் காட்டுக்குப் பின்னால் இருந்த மூன்று ஊர்கள் அழிவின்றித் தப்பின என்றது. 100 சதுர மீட்டருக்கு 30 மரங்கள் வீதம் 100 மீட்டர் அகலத்துக்கு இருந்தால் சுனாமி நீரின் அழுத்தம் 90 சதவீதத்துக்கு மேல் குறையலாம் என்ற கணக்கையும் அது எடுத்துக்காட்டியது. அதே ஆண்டில் பரங்கிப்பேட்டைக் கரையோரத்தின் 18 ஊர்களை ஆராய்ந்தவர்களும் காடு உயிர் காத்தது என்றே முடிவு கட்டினார்கள்.

2006இல் வேறு ஆய்வாளர்கள் அந்த 18 ஊர்களின் புள்ளிவிவரங்களையே எடுத்து மீண்டும் கணக்கிட்டார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் தரையின் உயரமும்தான் பெரும்பகுதியை விளக்குகின்றன. காட்டின் பங்கைத் தனியே பிரித்துக் காட்ட முடியவில்லை என்றார்கள். காட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊர் இயல்பாகவே கடலைவிட்டுத் தள்ளி இருக்குமல்லவா? எது காத்தது, தூரமா, மரமா?

மாணவர்களே, அறிவியல் குழம்புகிறது என்று இதைக் கண்டு எண்ணாதீர்கள். அறிவியல் இப்படித்தான் தன்னைத் தானே சரிபார்த்துக்கொள்ளும். அன்றாட அலையையும் மண் அரிப்பையும் காடு தணிக்கும் என்பதில் ஐயம் இல்லை. பேரலைக்கு அது தனித்த பாதுகாப்பு ஆகாது. எச்சரிக்கை கேட்டதும் மேட்டுக்கு ஓடுவதே முதல் பாதுகாப்பு.

கிளிஞ்சல்மேட்டுக்கு விடை

தொடங்கிய கேள்விக்கு வருவோம். கிளிஞ்சல்மேட்டின் திறந்த மணற்கரையில் அலை நாள் முழுதும் அடிக்கிறது. அங்கே சேறு தங்காது. கண்டல் கன்று வேர் பிடிக்காது. அந்தக் கரையின் இயற்கை அரண் மணல் மேடே. அதன்மேல் படரும் அடும்புக் கொடியும் ராவணன் மீசைப் புல்லும் மணலைக் கட்டிப் பிடிக்கின்றன. மேட்டைச் சமப்படுத்தி மணலை அள்ளிவிட்டு, காட்டுக்கு ஆசைப்படுவது வீட்டுக் கதவை விற்றுப் பூட்டு வாங்குவது போன்றது. அலையாத்திக்கு ஏற்ற இடம் அரசலாற்று முகத்துவாரம் போன்ற இடங்கள்தாம். அங்கே சிறிய அளவில் அம்மரங்கள் இருக்கவும் செய்கின்றன.

பிச்சாவரத்திலிருந்து நாம் கொண்டுவர வேண்டியது கன்றை அன்று, முறையை. முதலில் அளந்து பார், பழியை நம்பாதே, நீர் போகும் வழியைக் கவனி, ஊரைக் கூட வைத்துக்கொள், வேலை முடிந்தபின்னும் தூர் வாரு. இந்த முறை எந்தக் கரைக்கும் பொருந்தும்.

செய்து பாருங்கள்

1. இரண்டு தட்டுகளில் ஒரே அளவு உப்புநீர் ஊற்றி வெயிலில் வையுங்கள். ஒன்றைத் தொடாதீர்கள். மற்றொன்றில் நாள்தோறும் பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிய உப்புநீர் ஊற்றுங்கள். ஒரு வாரம் கழித்து இரண்டையும் ஒப்பிடுங்கள்.

2. ஒரு நீண்ட தட்டின் ஒரு முனையில் களிமண்ணைச் சரிவாகப் பரப்பி, அதில் ஈர்க்குச்சிகளை நெருக்கமாக நடுங்கள். பின்னால் சிறு மணல் வீடு கட்டுங்கள். மறுமுனையிலிருந்து அட்டையால் நீரைத் தள்ளி அலை எழுப்புங்கள். குச்சிகளை எடுத்துவிட்டு மீண்டும் செய்யுங்கள். பிறகு அட்டையை நிறுத்தாமல் நீரைத் தொடர்ந்து தள்ளிப் பாருங்கள். வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிந்திக்க

1. மேலே சொன்ன மரத்தில் நீர் விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் மோதினால் விசை எவ்வளவு?

2. ஆழம் 40 மீட்டராக உள்ள இடத்தில் சுனாமியின் வேகத்தைக் கணக்கிடுங்கள்.

3. காடு காத்ததா, தூரம் காத்ததா என்பதைத் தீர்மானிக்க நீங்கள் எப்படிப்பட்ட இரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்து ஒப்பிடுவீர்கள்? ஏன்?

மூன்றாவது கேள்விக்கு உங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுங்கள். கடற்கரை ஊரில் வாழ்பவராக இருந்தால், உங்கள் ஊரின் மணல் மேட்டையும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.